முயல் வெட்டிய செடி

சென்ற மாதம் இந்த இதழின் கேள்வி–பதில் பகுதிக்கு வந்த ஒரு கடிதத்தை ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். சமயபுரத்துக்கு வடக்கே மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஒரு சகோதரி எழுதியது. ஒன்றரை ஏக்கரில் உளுந்து விதைத்திருக்கிறார். முளைத்துப் பத்து நாள் ஆகிறது. தரிசை ஒட்டிய சால்களில் இரவோடு இரவாக முயல் வந்து செடியை வெட்டிவிடுகிறதாம். மூன்று கேள்வி கேட்டிருந்தார். முயலுக்கு என்ன மருந்து வைப்பது? பக்கத்துக் கொல்லைக்காரர் மின்கம்பி இழுத்துவிட்டால் ஒரே ராத்திரியில் தீரும் என்கிறார், இழுக்கலாமா? குட்டி கிடைத்தால் மகன் வளர்க்கும் வீட்டு முயலோடு சேர்த்து விடலாமா?

வழக்கமாக இதற்கு ஐந்தாறு வரியில் பதில் எழுதி அனுப்பிவிடுவேன். இந்த முறை ஆசிரியரிடம் கூடுதலாக இடம் கேட்டு வாங்கினேன். காரணம், இதே கேள்விக்கு இருபத்தைந்து வருடங்களுக்கு முன் ஒரு விவசாயிக்கு நான் தவறான பதில் சொல்லியிருக்கிறேன்.

குனிந்து பார்க்காத அலுவலர்

அப்போது வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள்தான். பட்டப்படிப்பில் வாங்கிய மதிப்பெண் தலையில் இருந்த காலம். ஆடிப்பட்டத்து நிலக்கடலை முளைத்து வந்த சமயம், சிறுகனூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். "சார், கடலைச் செடிய ராத்திரில ஏதோ வெட்டிப் போடுது" என்றார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. எலிதான் என்று முடிவு கட்டி, சிங்க் பாஸ்பைடு வைக்கச் சொன்னேன். எலி நன்றாக எடுக்க வேண்டும் என்று பொரியோடு கொஞ்சம் கருவாட்டுத் தூளும் கலக்கச் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். கையில் வெட்டுப்பட்ட ஐந்தாறு செடி. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சார், கருவாட்டு வாசனைக்கு நம்ம நாய் தின்னுட்டு செத்துப் போச்சு. ஒம்பது வருசமா கொல்லையிலயே கெடந்த நாய். செடி நேத்தும் வெட்டுதான் பட்டிருக்கு. இத பாருங்க. எலின்னா வேர்ல மண்ணைப் பறிச்சிருக்கும், வெட்டுனதை வளைக்கு இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். இது கத்தியில சீவுன மாதிரி இருக்கு. முயல் சார் இது. நீங்க ஒரு தடவ வந்து குனிஞ்சு பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

அன்று மாலையே அவரோடு கொல்லைக்குப் போனேன். முயலைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் பெரியவர் கொல்லையில் காட்டியது. மீதி, பிறகு புத்தகத்தில் படித்துச் சரிபார்த்தது.

வெட்டைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், மருந்துச் செலவே மிச்சமாகும். முயல் கடித்த தண்டு சாய்வாக, சுத்தமாக, கத்தியால் சீவியதுபோல இருக்கும். மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் உளிபோன்ற முன்பற்கள் இருப்பதால் அப்படி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. அவை செடியைப் பிடித்து இழுத்துப் பிய்க்கும், அதனால் நுனி நார்நாராகத் தொங்கும். எலி கொறித்த இடம் சின்னச் சின்னப் பல்தடத்தோடு கரடுமுரடாக இருக்கும், பக்கத்தில் வளையும் இருக்கும்.

முயலை எலியின் சொந்தக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எலிக்கும் அணிலுக்கும் மேல்தாடையில் முன்பல் இரண்டு. முயலுக்கு நான்கு. முன்னால் பெரிதாக இரண்டு, அவற்றுக்குப் பின்னால் ஒளிந்தாற்போல சிறிதாக இரண்டு. அதனால் விலங்கியலில் முயலைத் தனி வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பது இரண்டுக்கும் பொது. தேய்ந்துகொண்டே இருந்தால்தான் வாய் மூடும்.

இன்னொரு அடையாளம் புழுக்கை. ஆட்டுப் புழுக்கை நீளவாக்கில் இருக்கும். முயல் புழுக்கை உருண்டையாக, சற்றுத் தட்டையாக, வைக்கோல் நிறத்தில் இருக்கும். விரலால் நசுக்கினால் வெறும் நார்தான். இதிலும் ஒரு சங்கதி உண்டு. முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். ஒன்று நாம் பார்க்கும் காய்ந்த புழுக்கை. மற்றது மெத்தென்று ஈரமாக இருப்பது. அதைக் கீழே விடாமல் வாயால் எடுத்து முயலே மறுபடி விழுங்கிவிடும். அருவருப்பாகத் தோன்றலாம். மாடு தின்றதை மேலே கொண்டுவந்து அசைபோட்டு முழுச் சத்தையும் எடுக்கிறது. முயலுக்கு அந்த வயிறு இல்லை. பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய புரதமும் வைட்டமினும் வீணாகாமல் இருக்க, அது கண்டுபிடித்த வழி இது.

நம் முயல் குழி தோண்டாது

பள்ளிக்கூடப் படங்களில் முயல் வளைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அந்த முயல் ஐரோப்பாவைச் சேர்ந்தது. ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கத்துக் காட்டு முயலிலிருந்துதான் உலகம் முழுவதும் கூண்டில் வளர்க்கும் வீட்டு முயல் வந்தது. அது வளை தோண்டிக் கூட்டமாக வாழும்.

நம் கொல்லையில் இருப்பது வேறு. பிடரியில் கறுப்புத் திட்டும் வால் மேல்புறத்தில் கறுப்பும் உள்ள காட்டு முயல். லீபஸ் நைக்ரிகோலிஸ் என்பது அறிவியல் பெயர், கறுத்த கழுத்துடையது என்று பொருள். இந்தியா, இலங்கை இரண்டிலும் உண்டு. வடஇந்தியாவில் உள்ள வகைக்குப் பிடரியில் அந்தக் கறுப்பு இருக்காது. நம் முயல் வளை தோண்டாது. புல்புதரின் அடியில் மண்ணைக் கொஞ்சம் பறித்து உடம்பு அடங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் செய்துகொள்ளும், அவ்வளவுதான். பகல் முழுக்க அதில் காதைப் படுக்க வைத்துக்கொண்டு பதுங்கியிருக்கும். பெரியவர் என்னை அப்படிப்பட்ட ஒரு படுக்கைக்கு மூன்றடி தூரம் வரை கூட்டிப்போனார். எனக்கு மண்ணும் புல்லும்தான் தெரிந்தது. இன்னும் ஓரடி வைத்ததும் காலடியிலிருந்து வெடித்ததுபோல் பாய்ந்து ஓடியது. நேராக ஓடாது, இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஓடும். துரத்தும் நாய் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்தங்கும்.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்னால் வருவதும் அதற்குத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. இரவில் நெடுஞ்சாலையில் வண்டி விளக்கில் மாட்டிக்கொண்டால் திகைத்து நின்றுவிடும். சமயபுரம் சுங்கச்சாவடி தாண்டி வடக்கே போகும் சாலையில் காலை நேரத்தில் அடிபட்டுக் கிடக்கும் முயல்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பெருவளை வாய்க்கால் பாயும் நெல்வயல், வாழைத்தோட்டம் பக்கம் முயல் குறைவு. வடக்கே மேட்டு நிலமும், புதரும், எம்.ஆர்.பாளையம் காப்புக்காடும் சேரும் பகுதியில்தான் அதிகம். அதற்குத் திறந்த மேய்ச்சலும் வேண்டும், பக்கத்திலேயே ஒளிய இடமும் வேண்டும். மழைக்காலத்தில் அறுகு போன்ற புல் நிறையக் கிடைக்கும். புல் காயும்போதுதான் நம் தளிர்ப் பயிரைத் தேடி வரும். உளுந்து, தட்டை, நிலக்கடலை, பருத்தி எதுவானாலும் முளைத்த முதல் மூன்று வாரம்தான் ஆபத்து. தண்டு முற்றிவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும்.

குட்டி அநாதை அல்ல

அடுத்த களையெடுப்பில் அதே கொல்லையில் இரண்டு குட்டி கிடைத்தது. களையெடுத்த பெண்களில் ஒருவர் சேலை முந்தானையில் எடுத்துக்கொண்டு, "பாவம், தாயி விட்டுட்டு ஓடிப்போச்சு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியவர்தான், "எடுத்த எடத்துலயே வை ஆத்தா. அந்தி சாயட்டும்" என்றார்.

வீட்டு முயல் குட்டி பிறக்கும்போது ரோமம் இல்லாமல், கண் மூடி, வெறும் சதைப் பிண்டமாக இருக்கும். வளைக்குள் பத்திரமாக இருப்பதால் அது போதும். நம் காட்டு முயல் குட்டி வெட்டவெளியில் பிறப்பதால், உடம்பு முழுக்க ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் ஏறத்தாழ ஒன்றரை மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் ஈனும். வீட்டு முயல் ஒரு மாதத்தில் ஐந்து, ஆறு என்று ஈன்றுவிடும்.

தாய் முயல் பகலில் குட்டியோடு இருக்காது. அதன் வாசனையைப் பிடித்துக்கொண்டு நரியும் கீரியும் வந்துவிடும் என்பதால் தள்ளியே இருக்கும். குட்டிக்கு வாசனை மிகக் குறைவு, அசையாமல் கிடப்பதுதான் அதன் பாதுகாப்பு. அன்று நாங்கள் தூரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். இருட்டு விழும் நேரத்தில் தாய் வந்தது. ஐந்து நிமிடம் இருக்கும், பால் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அவ்வளவு குறைந்த நேரத்தில் ஒரு நாளைக்கு வேண்டியதைக் கொடுக்க வேண்டும் என்பதால் முயல் பால் கொழுப்பும் புரதமும் மிகுந்து, பசும்பாலைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பசும்பால் ஊட்டும் குட்டிகள் வயிறு கெட்டு ஒரு வாரத்துக்குள் செத்துவிடுவது இதனால்தான்.

ஆகவே, அறுவடையிலோ களையெடுப்பிலோ குட்டி கண்ணில் பட்டால் அந்தச் சாலை மட்டும் விட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள். கையில் எடுத்திருந்தாலும் அதே இடத்தில் வைத்துவிடுங்கள். தாய் வரும்.

வீட்டு முயலோடு சேருமா?

சகோதரியின் மூன்றாவது கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. சேராது. இரண்டும் பார்க்க ஒரே ஜாடை, ஆனால் பேரினமே வேறு. காட்டு முயலுக்கு குரோமோசோம் 48, வீட்டு முயலுக்கு 44. இனச்சேர்க்கையில் குட்டி பிறக்காது. கூண்டில் அடைத்தால் காட்டு முயல் மிரண்டு மோதியே செத்துப்போகும்.

சட்டமும் இடம் தராது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் முயலும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடிப்பது, கொல்வது, கறியை வைத்திருப்பது எல்லாமே குற்றம். சொந்த நிலத்தில் பிடித்தாலும் அதேதான். மகனுக்கு முயல் வளர்ப்பில் ஆர்வம் இருந்தால் நல்லது. கொடைக்கானல் அருகே மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்களைப் பற்றி அங்கே கேட்கலாம். ஒரு எச்சரிக்கை, அந்த வீட்டு முயல்களை வளர்க்க முடியாமல் போனால் கொல்லையில் அவிழ்த்து விடாதீர்கள். 1859-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணைக்காரர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இரண்டு டசன் ஐரோப்பிய முயலைக் கொண்டுவந்து விட்டார். சில பத்தாண்டுகளில் அவை நாட்டையே மேய்ந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை முயலைத் தடுக்க 1,800 கி.மீ.க்கும் மேல் நீளமான வேலி போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. 1950-இல் நோய்க்கிருமியைப் பரப்பினார்கள். கோடிக்கணக்கில் செத்தன, பிழைத்தவை எதிர்ப்புசக்தியோடு மறுபடி பெருகின.

நம் முயல் அப்படிப் பெருகவில்லை. ஈனுவது குறைவு. அதைத் தின்ன நரி, காட்டுப்பூனை, கீரி, கழுகு, கொம்பன் ஆந்தை எல்லாம் இங்கே உண்டு. இவற்றில் பெரும்பாலானவை எலியையும் தின்பவை. முயலுக்கு வைக்கும் விஷத்தில் இவையும் செத்தால், அடுத்த பட்டத்தில் எலிக்கும் நாமே காவல் இருக்க வேண்டியதுதான். எந்த முயலும் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும் என்று எண்ணவும் வேண்டாம். அசாம் பக்கத்துப் புல்வெளியில் வாழும் முரட்டு ரோம முயல் முற்றிலும் அழிந்துவிட்டது என்றே 1960-களில் எண்ணினார்கள். 1971-இல்தான் மறுபடி கண்டார்கள். புல்வெளியை எரித்ததும் உழுததும்தான் அதற்கு அந்த நிலையைக் கொண்டுவந்தது.

மாசி மாதத்து வேட்டை

நம் பக்கத்து ஊர்கள் சிலவற்றில் மாசியில், சிவராத்திரியை ஒட்டி நாய்களோடு முயல் வேட்டைக்குப் போகும் வழக்கம் இருக்கிறது. வனத்துறை தடுக்கிறது, இளைஞர்கள் கோபப்படுகிறார்கள். வழக்கத்தைப் பற்றி ஒரு அலுவலர் பேசினால் எடுபடாது. அந்தப் பெரியவர் தன் பேரனிடம் சொன்னதைச் சொல்கிறேன். "மாசிக் கடைசி ஞாயித்துக்கெழமைலேர்ந்து பங்குனிக் கடைசி வரைக்கும் இருபத்தெட்டு நாளு சமயபுரத்தா எதுக்குடா பச்சைப் பட்டினி கெடக்குறா? ஊரு உலகத்துல இருக்குற உசுருக்கெல்லாம் சேத்துதான். அவளுக்குப் பூவை எடுத்துக்கிட்டுப் போற கையால, வயித்துல குட்டி உள்ள முயல அடிக்கிறது ஒனக்குச் சரியாப் படுதா?" பேரன் பதில் சொல்லவில்லை. அந்த வருடம் போகவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

மின்கம்பி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பணி எல்லையில் ஒரு விவசாயி பன்றிக்கும் முயலுக்கும் என்று மோட்டார் கொட்டகையிலிருந்து திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்திருந்தார். தினமும் விடியும் முன் அவரே போய் இணைப்பைப் பிடுங்குவார். ஒரு நாள் காய்ச்சல், தூங்கிவிட்டார். தண்ணீர் மாற்றிவிட அண்ணன் நிலத்தின் வழியே குறுக்கே போன அவருடைய சொந்தத் தம்பி அந்தக் கம்பியில் விழுந்தான். நான் போனபோது தம்பியின் மண்வெட்டி வரப்பில் கிடந்தது. அந்த வீட்டில் இன்று ஒருவன் இல்லை, இன்னொருவர் நீதிமன்றத்துக்கு நடக்கிறார், இரண்டு மருமகள்களும் பேசிக்கொள்வதில்லை. அந்தப் பட்டத்தில் முயல் தின்றிருக்கக்கூடியது எல்லாம் சேர்த்து நான்கைந்து படி உளுந்துகூட இருக்காது.

அம்மா, கம்பி இழுக்க வேண்டாம். பக்கத்துக் கொல்லைக்காரர் இழுத்திருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள். உறவு கெடும் என்று பயப்படாதீர்கள். உயிர் போனபிறகு உறவு மிஞ்சாது.

அப்படியானால் என்ன செய்வது?

மருந்து கிடையாது, வைக்கவும் கூடாது. குருணை மருந்தைச் சோற்றில் கலந்து வைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. போரேட் 2020-ஆம் ஆண்டோடு தடை செய்யப்பட்டது. பழைய இருப்பு எங்காவது இருந்தால் கையாலும் தொடாதீர்கள். செய்யக்கூடியவை இவை:

தரிசை ஒட்டிய பக்கத்தில் பத்துப் பதினைந்தடி அகலத்துக்குப் புல்புதரை வெட்டிச் சுத்தமாக வையுங்கள். ஒளிய இடம் இல்லாத வெளியைத் தாண்டி வர முயல் தயங்கும்.

முளைத்த மூன்று வாரத்துக்கு மட்டும் கோழிவலை கட்டுங்கள். ஓரங்குலக் கண்ணி, இரண்டரை முதல் மூன்றடி உயரம். அடியில் அரையடியை வெளிப்பக்கமாக மடித்து மண் போட்டு மிதித்துவிடுங்கள். நம் முயல் தோண்டிக்கொண்டு போகும் சாதி அல்ல, அடியில் சந்து இருந்தால்தான் நுழையும். மூன்று வாரம் கழித்துச் சுருட்டி வைத்தால் பல வருடம் வரும். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி, விதைக்கும் தேதியை முன்பின்னாக வைத்துக்கொண்டு முறைபோட்டும் பயன்படுத்தலாம்.

வலைக்கு வசதி இல்லையென்றால் பழைய சேலையை முழங்கால் உயரத்தில், அடி தரையில் படும்படி இழுத்துக் கட்டுங்கள். இடத்தை வாரம் ஒருமுறையாவது மாற்றுங்கள், இல்லையென்றால் பழகிவிடும்.

அழுகிய முட்டைக் கரைசலை ஓரச் சால்களில் தெளித்துப் பயன் கண்டவர்கள் இருக்கிறார்கள். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். கீரைக்கு வேண்டாம்.

தரிசுப் பக்கம் இரண்டு சால் ஆமணக்கு முன்கூட்டியே விதைத்து வையுங்கள். முயல் அதைத் தின்னாது, எண்ணெய் வித்தும் கிடைக்கும். ஓரச் சால்களுக்குக் கொஞ்சம் விதை கூடுதலாகப் போட்டு, போன இடத்தை உடனே நிரப்பிவிடுங்கள்.

இப்போது உங்கள் உளுந்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகியிருக்கும். அநேகமாக முயல் வருவது நின்றிருக்கும். ஓரத்தில் போனது போக மீதியைக் காப்பாற்ற மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பாருங்கள். முயலைவிடப் பெரிய சேதம் அதனால்தான் வரும்.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. நாய் செத்ததற்கு நான் ஈடு எதுவும் கொடுத்ததில்லை, அவர் கேட்டதும் இல்லை. ஒன்று மட்டும் அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறேன். யார் வந்து பயிரைப் பற்றிக் கேட்டாலும் நிலத்தைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. நீங்களும் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடம் போகும்போது வெட்டுப்பட்ட செடியைக் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லையென்றால், "ஒரு தடவ வந்து குனிஞ்சு பாருங்க சார்" என்று தாராளமாகச் சொல்லுங்கள்.